எதிர்வீட்டுக்குப் போன மெத்தைகள்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் ஒரு வார்த்தையில் விட்டோம். "உங்க வீட்டு ஈரத்துலதான் என் குழந்தைக்கு இருமல் வந்துது" என்று வினி சொன்னாளே, அந்த வார்த்தை. மாமியார் ஹில்டா கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தாள், மாடிக்குப் போனாள், அன்றோடு பேச்சு நின்றது. பிறகு கப்பலிலிருந்து மூன்று நாள் விடுப்பில் வந்த லென், அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் கிடந்து அவஸ்தைப்படுவானேன் என்று மதுக்கடையில் போய்க் கிடந்தான். புத்திசாலிப் பையன்.

இன்று திங்கட்கிழமை. விடிவதற்கு முன்பே அவனுக்குக் கப்பல். இனி மூன்று வாரம் ஐஸ்லாந்துக் கடல், பனி, மீன்.

வினி வாசல்வரை வந்தாள்.

"மத்தியானம் அந்தம்மா வருதுல்ல?" என்றான் லென்.

"வரும்."

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"திங்கக்கெழம மாநகராட்சியிலேர்ந்து வீடு பாக்க ஆள் வரும்னு சொன்னேன். சுவத்தப் பாத்துச் சொன்னேன். காதுல விழுந்திருக்கும்."

"எதுக்கு வர்றாங்கன்னு விளக்கமா சொல்லக் கூடாதா?"

"நீ சொல்லேன். உன் அம்மாதானே?"

லென் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தப்பித்தால் போதும் என்று நடையைக் கட்டினான். வினி கையசைக்கவில்லை. எங்கள் தெருவில் கப்பலேறுகிறவனுக்கு யாரும் கையசைக்க மாட்டோம். அசைத்தால் அலை வந்து வாரிக்கொண்டு போய்விடும். அன்றைக்கு அந்த வீட்டில் துணியும் துவைக்கக் கூடாது. துவைத்தால் துணியோடு ஆளையும் கடலில் அலசிவிடுவோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஹில்டாவின் புருஷன் கடைசியாகக் கப்பலேறிய அன்று யார் வீட்டில் எது கொடியில் தொங்கியது என்று எங்கள் தெரு இன்னும் பேசுகிறது.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு அறை, ஒரு சமையலறை. மேலே இரண்டு அறை. அவ்வளவுதான் வீடு. மேலே முன்னறையில் ஹில்டாவின் தங்கை ஐவியும் அவள் புருஷனும். போர்க்காலத்தில், நாற்பத்தொன்றில், அவர்கள் வீட்டில் குண்டு விழுந்தபோது ஒரு வாரத்துக்கு என்று வந்தவர்கள். எட்டு வருஷமாகியும் அந்த ஒரு வாரம் முடிந்தபாடில்லை. பின்னறையில் ஹில்டாவும் ஐவியின் இரட்டைப் பையன்களும். கீழே தெருவைப் பார்த்த அறையில் லென், வினி, மூன்று வயது மேவிஸ். கழிப்பறை முற்றத்தில். பக்கத்துத் தெருவில் விழுந்த குண்டு எங்கள் வீட்டு வரிசையின் சுவர்களையெல்லாம் ஆட்டிவிட்டுப் போனது. அந்த விரிசல் வழியாக மழை இறங்கி இறங்கி, கீழ் அறையின் வெளிச்சுவர் ஆள் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. மேவிஸின் கட்டில் அந்தச் சுவரோரம்தான். வேறு எங்கே போடுவது?

போன குளிர்காலம் முழுக்கக் குழந்தைக்கு மார்ச்சளி. மூச்சு வாங்க அது பட்ட பாட்டைப் பார்த்து வினி அழாத நாள் கிடையாது. இன்னொரு குளிர்காலம் இந்தச் சுவரோடு படுக்க வைக்காதே என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இப்போது அக்டோபர்.

இந்த ஹல் நகரத்தில் குண்டில் அடிபடாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஊருக்கு வெளியே, போன வருஷம்வரை முட்டைக்கோஸ் விளைந்த நிலத்தில், மாநகராட்சி புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. குளியலறை வீட்டுக்குள்ளேயே. குழாயைத் திருகினால் வெந்நீர். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கோயிலுக்குப் போய் வந்த மாதிரி மெல்லிய குரலில் பேசினார்கள். வினி அதற்கு மனு கொடுத்து இரண்டு வருஷமாக வரிசையில் நிற்கிறாள். யாருக்கு முதலில் என்பதற்கு மார்க் உண்டு. நெருக்கியடித்துப் படுத்தால் மார்க், ஈரச் சுவருக்கு மார்க், சீக்குக் குழந்தைக்கு மார்க். நேரில் பார்த்து மார்க் போட ஒரு அதிகாரியம்மா வருவாள். ஒரே தடவைதான் வருவாள்.

வினிக்குக் கொஞ்சமும் பயமில்லை. இந்த வீட்டைப் பார்த்து மார்க் போடாமல் வேறு எந்த வீட்டைப் பார்த்துப் போடப்போகிறாள்? தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, மீன் புகைபோடும் கொட்டகைக்குத் தெம்பாக வேலைக்குப் போனாள். மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லியிருந்தாள்.

அவள் தலை மறைந்ததும் ஹில்டா மாடியிலிருந்து இறங்கினாள்.

ஹில்டா கெட்டவள் என்று யாராவது கடிதம் எழுதினால் எனக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயசு. புருஷனைக் கடல் தின்ற பிறகு வலை பின்னியே பிள்ளையை வளர்த்தவள். ஒருத்தரிடம் கை நீட்டியதில்லை. ஆனால் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறான் என்றால் அவள் யாரையும் நம்ப மாட்டாள். காரணம் உண்டு.

முப்பதுகளில் எங்கள் ஊர் ஆண்களுக்குக் கப்பலில் வேலை இல்லாத காலம். நிவாரணம் வாங்க வேண்டுமென்றால் ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து சாமான்களை எண்ணுவான். நாலு பேருக்கு ஆறு நாற்காலி எதற்கு, இரண்டை விற்றுச் சாப்பிடு என்பான். ஹில்டாவின் தையல் மெஷின் அப்படித்தான் போயிற்று. அதற்குப் பிறகு தெரு ஒரு வேலை கற்றுக்கொண்டது. அதிகாரி வருகிறான் என்று தெரிந்தால் அந்த வீட்டுச் சாமான்கள் எதிர்வீட்டுக்குப் போய்விடும். அவன் போன பிறகுதான் திரும்பி வரும். ஏன், எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

ஹில்டா வாசலில் நின்று எதிர்வீட்டைக் கூப்பிட்டாள்.

"மிஸஸ் ப்ளென்கின்! உங்க முன்ரூம் காலியாத்தானே இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"ஆள் வருது. மாநகராட்சி."

அவ்வளவுதான். மிஸஸ் ப்ளென்கின் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர் வந்தோம்.

"எதையெல்லாம் தூக்கணும்?"

"எல்லாத்தையும். எட்டுப் பேர் படுக்கிற வீடுன்னு தெரிஞ்சா சும்மா விடுவானா? இது சத்திரமான்னு கேட்டு வெளிய தள்ளுவான். என் படுக்கை ஒண்ணு போதும். மத்த மெத்தை, கட்டில், புள்ளைங்க துணி எல்லாம் போகட்டும்."

"இந்தச் சுவரு?"

ஹில்டா சுவரைப் பார்த்தாள். வினி சொன்ன வார்த்தை மறுபடி குத்தியது.

"அந்த ஓக் அலமாரிய இங்க தள்ளுங்க. என் வீட்டுல ஈரமாம் ஈரம். எவன் கண்ணுலயும் படாது."

தள்ளினோம். ஐவி குடும்பம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தது. மேவிஸை மிஸஸ் ப்ளென்கின் ஒரு ரொட்டித் துண்டோடு இடுப்பில் தூக்கிக்கொண்டாள். துணி துவைக்கத்தான் தடை, படியைத் தேய்க்கத் தடை கிடையாதே. ஹில்டா வாசற்படியைத் தேய்த்து, வெள்ளைக் கல்லால் உரசிப் பளிச்சென்று வெளுப்பாக்கினாள். பித்தளைக் கைப்பிடி பளபளத்தது. அலமாரி மேல் ஒரு வெள்ளைப் பூவேலைத் துணி, அதன்மேல் பீங்கான் நாய்கள் இரண்டு. நாங்கள் எல்லோரும் எட்ட நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டோம். அரசருக்கே காட்டலாம், அப்படி இருந்தது வீடு.

மத்தியானம் வினி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். தெருமுனையிலேயே அதிகாரியம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். பெயர் மிஸ் வேரிங். லீட்ஸ்காரி. நாளெல்லாம் படியேறி இறங்கிக் களைத்த முகம்.

"நீங்கதான் மிஸஸ் எஸ்க்ரீட்டா?"

"நான் சின்ன மிஸஸ் எஸ்க்ரீட். பெரியவங்க வீட்ல இருக்காங்க. மீன் நாத்தத்துக்கு மன்னிச்சுக்கங்க மிஸ், வேலையிலேர்ந்து நேரா வர்றேன்."

"பரவாயில்ல. எத்தனை பேர் இருக்கீங்க?"

"எட்டு. வந்து பாருங்க, உங்களுக்குக் கால் வைக்க இடம் கிடைச்சா அதிர்ஷ்டம்தான்!" என்று வினி சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

சிரிப்பு அப்படியே நின்றது.

கட்டிலைக் காணோம். மெத்தையைக் காணோம். மேவிஸின் துணி மூட்டை, லெனின் பழைய பூட்ஸ், சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகள், ஒன்றையும் காணோம். நடு அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கறுத்த சுவர் இருந்த இடத்தில் பீங்கான் நாய்கள் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் ஹில்டா, கோயிலுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமை கவுனில், கையைக் கட்டிக்கொண்டு.

"வாங்க மிஸ்," என்றாள் ஹில்டா. "டீ போடட்டுமா?"

"நன்றி, வேண்டாம். இங்க எத்தனை பேர் இருக்கீங்கன்னு நீங்க சொல்லுங்க."

"நான் ஒருத்திதான். புள்ள கப்பல்ல வேலை. இவ அப்பப்ப வந்து போவா."

"அத்தை!" என்றாள் வினி. ஐந்து நாளில் அவள் மாமியாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மிஸ் வேரிங் வினியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடியேறினாள். வினி பின்னாலேயே ஓடினாள். முன்னறை காலி. பின்னறையில் ஒரே ஒரு படுக்கை, சுருக்கமில்லாத விரிப்பு. இறங்கி முற்றத்துக்குப் போனார்கள். அக்கம்பக்கத்து முற்றங்களில் எல்லாம் கொடி தாங்காமல் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஹில்டாவின் கொடி மட்டும் வெறுமையாக ஆடியது.

"இன்னிக்குத் திங்கட்கிழமை," என்றாள் மிஸ் வேரிங். "ஊரே துணி துவைக்குது. சின்னக் குழந்தை இருக்கிற வீடுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒரு கைக்குட்டையக் கூடக் காணோமே?"

"இன்னிக்குத் துவைக்கக் கூடாது மிஸ். காலையிலதான் அவன் கப்பலேறினான்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

லீட்ஸில் கடல் கிடையாது. வினிக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவதென்றே தெரியவில்லை.

"குழந்தை எங்கே?"

"தெரியல… அத்தை, மேவிஸ் எங்க?"

சொந்தக் குழந்தை எங்கே என்று ஒரு தாய் மாமியாரைக் கேட்டதும் மிஸ் வேரிங்குக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. பேனாவை மூடினாள். குரலில் கோபமில்லை, அதுதான் வினியைப் பயமுறுத்தியது.

"மிஸஸ் எஸ்க்ரீட், இந்த மாதிரி வாரத்துக்கு ரெண்டு வீடாவது பாக்கறேன். வேற எங்கயோ வசதியா இருந்துட்டு, மாமியார் வீட்டு விலாசத்தக் குடுத்து மார்க் கேக்கறது. நிஜமாவே ஒரே அறையில ஆறு பேர் படுக்கிறவங்க வரிசையில காத்துக்கிட்டு நிக்கறாங்க. உங்க பேர வரிசையிலேர்ந்து எடுத்துடுவேன். மறுபடி மனு குடுத்தா ரெண்டு வருஷம் ஆகும்."

இரண்டு வருஷம். இரண்டு குளிர்காலம். வினி கீழ் அறைக்கு ஓடிப்போய் ஓக் அலமாரியைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பீங்கான் நாய் ஒன்று விழுந்து சில்லுச்சில்லாக உடைந்தது.

"அடியே, என் நாயி!" என்று ஹில்டா பாய்ந்தாள்.

"நாயா? நாயைப் பத்திக் கவலைப்படறீங்களா? என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?" வினி கத்தினாள், அழுதாள், இரண்டும் ஒன்றாகவே வந்தது. "அவங்க எடுத்துட்டுப் போக வரல அத்தை! குடுக்க வந்திருக்காங்க! நாம எவ்வளவு மோசமா கெடக்கோமோ அவ்வளவு சீக்கிரம் வீடு! நீங்க அரமண மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்களே!"

"குடுக்கவா?" என்றாள் ஹில்டா. "மாநகராட்சியா?"

"ஆமா!"

"சும்மாவா?"

"வாடகைக்கு! புது வீடு! மேவிஸுக்குக் காஞ்ச சுவரு!"

ஹில்டா மிஸ் வேரிங்கைத் திரும்பிப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் வீட்டுக்குள் வந்த அதிகாரி எவனும் எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. "நிஜமா மிஸ்?" என்று கேட்டாள். "இவ சொல்றது?"

"நிஜமா இங்க இருந்தா, நிஜம்தான்," என்றாள் மிஸ் வேரிங், கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டே.

ஹில்டாவின் முகம் வெளுத்தது. தான் மறைத்ததெல்லாம் தன் பேத்தியின் மூச்சு என்று அந்த நிமிஷம் அவளுக்கு உறைத்தது. பிறகு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

"மிஸஸ் ப்ளென்கின்! எல்லாத்தையும் கொண்டாங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திரை அசைந்தது. மிஸஸ் ப்ளென்கின் தலை நீட்டினாள். ஹில்டாவைப் பார்த்தாள். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தாள். அதிகாரி இன்னும் போகவில்லை.

"எதைக் கொண்டார்றது?" என்றாள் அப்பாவியாக.

"மெத்தைங்க! கட்டிலு!"

"என்ன மெத்தை? எங்க வீட்ல உங்க மெத்தை எதுக்கு இருக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா மிஸஸ் எஸ்க்ரீட்?" சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினாள். கவலைப்படாதே, செத்தாலும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று அர்த்தம்.

பக்கத்து வாசலில் இன்னொருத்தி, "இந்தத் தெருவுல யாரும் யார் சாமானும் வச்சுக்கறதில்ல மிஸ்!" என்று தானாகவே வந்து சாட்சி சொன்னாள். எனக்கும் வாய் துறுதுறுத்தது. பதினேழு வருஷப் பழக்கம், ஒரு நிமிஷத்தில் போய்விடுமா? மிஸ் வேரிங் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தாள்.

வினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹில்டா தெருவின் நடுவில் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கவுன், முழங்காலில் படி தேய்த்த வெள்ளைத் தூள். இந்தத் தெருவில் வாடகை பாக்கி வைக்காதவள், கடன் வாங்காதவள், தன் வீட்டு விஷயம் அடுத்த வீட்டுக்குத் தெரியவிடாதவள். அவள் வாயைத் திறந்து ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! என் வீடு ஈரம்! சுவரு அழுகிக் கெடக்கு! நாலு ரூம்புல எட்டுப் பேர் படுத்திருக்கோம்! என் பேத்திக்கு நெஞ்சுல சளி, அது என் வீட்டுச் சுவத்தாலதான்! இந்தம்மா நமக்கு வீடு குடுக்க வந்திருக்கு! ஒளிக்காதீங்க, கொண்டாங்க!"

வினி தலை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து நாளைக்கு முன் தான் சொன்ன அதே வார்த்தை, மாமியார் வாயால்.

பிறகு மிஸஸ் ப்ளென்கினின் கதவு அகலத் திறந்தது.

அடடா, அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் ஐவியின் கட்டில், இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அப்புறம் இரட்டையர் மெத்தை, நடுவில் பள்ளம் விழுந்தது. தலையணைகளை நான் கொண்டுவந்தேன். ஒரு வாளி நிறைய பூட்ஸ். மேவிஸின் துணி மூட்டை. ஒவ்வொருத்தியும் மிஸ் வேரிங்கைக் கடக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை.

"இது மேல் ரூமு மிஸ், எழுதிக்கங்க!"

"இதுல மூணு பேர் படுக்கறாங்க, மறந்துடாதீங்க!"

"துணி துவைக்கலன்னு கேட்டீங்களாமே? புள்ளை கடல்ல இருக்கான், மூழ்கடிக்கச் சொல்றீங்களா?"

"அடுத்து எங்க வீட்டுக்கு வாங்க மிஸ்! எங்க சுவத்துல காளானே முளைச்சிருக்கு!"

மிஸ் வேரிங் சைக்கிளை மறுபடி சாய்த்தாள். உதடு துடித்ததைச் சிரிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். மிஸஸ் ப்ளென்கின் இடுப்பிலிருந்து மேவிஸ் இறங்கி வந்து இருமியது. ஒரு தடவை இரும ஆரம்பித்தால் அது சீக்கிரம் நிற்காது. மிஸ் வேரிங் குனிந்து, அது முடியும்வரை குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு உள்ளே வந்தாள்.

வினி மறுபடி அலமாரியில் தோளைக் கொடுத்தாள். பக்கத்தில் இன்னொரு தோள் வந்து சேர்ந்தது. ஹில்டா.

"மூச்சப் புடி," என்றாள். "ம்… தள்ளு!"

அலமாரி கிறீச்சிட்டு நகர்ந்தது. மிஸ் வேரிங் கையுறையைக் கழற்றி, கறுத்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தபோது கை நனைந்திருந்தது. காரை ஒரு துண்டு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள், நிறைய எழுதினாள், யாரிடமும் பேசாமல் வாசலுக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் வாசலில்தான் நின்றோம். யாருக்கும் வீட்டில் வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

"இது மனுஷங்க இருக்கிற வீடில்ல," என்றாள். "யாருமே இங்க இருக்கக் கூடாது. இந்த வீட்டு வரிசையையே இடிக்கச் சொல்லி எழுதப்போறேன். உங்க தங்கை குடும்பத்துக்குத் தனியா ஏற்பாடு பண்ணலாம். சின்ன மிஸஸ் எஸ்க்ரீட், உங்களுக்கு மார்க் தாராளமா இருக்கு."

வினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு கேக்கணும்," என்றாள் மிஸ் வேரிங். "இப்ப சாவி குடுக்கற மாதிரி தயாரா இருக்கறது மூணு படுக்கையறை வீடு. மூணு பேருக்கு அதைக் குடுக்க எனக்கு அதிகாரமில்ல. நாலு பேர்னா குடுக்கலாம். பெரியவங்களும் உங்களோட ஒரே குடும்பமா வந்தா, இந்த மாசமே குடிபோகலாம். தனித்தனியான்னா, சின்ன வீடுங்க ஏப்ரல்லதான் முடியும்."

"ஏப்ரலா?" என்றாள் வினி.

"ஏப்ரல். குளிர் போனப்புறம். நாளை மத்தியானத்துக்குள்ள ஆபீசுல சொல்லிடுங்க. அதுக்கு மேல அந்த வீடு அடுத்தவங்களுக்குப் போயிடும்."

நாலு வருஷமாக வினி கனவு கண்டது ஹில்டா இல்லாத ஒரு வீட்டை. தன் கையால் பூட்டித் தன் கையால் திறக்கிற கதவு. உப்பு அதிகம் என்று யாரும் சொல்லாத சாப்பாடு. அந்த வீடு ஏப்ரலில் இருந்தது. அவள் மேவிஸைப் பார்த்தாள். குழந்தை வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, உடைந்த பீங்கான் நாயின் காதைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் யோசிக்க அதில் ஒன்றுமில்லை.

"ஒரே குடும்பம்தான் மிஸ்," என்றாள் வினி. "அத்தையும் எங்களோட."

"யாரக் கேட்டுச் சொல்ற?" என்றாள் ஹில்டா.

குரல் சின்னதாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இருந்த வீடு, அதை இடிக்கச் சொல்லப்போகிறேன் என்று ஒருத்தி இப்போதுதான் சொல்லியிருக்கிறாள். நாங்களெல்லாம் அந்த நிமிஷம் அதை மறந்தே போனோம்.

"உங்களத்தான் கேக்கறேன்," என்றாள் வினி. "எங்களோட வந்துடுங்க அத்தை."

ஹில்டா தெருவைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் பழைய வாய்தான்.

"சத்தமா சொல்லு. மிஸஸ் ப்ளென்கினுக்குக் கேக்கலையாம்."

"எனக்கு நல்லாவே கேட்டுது," என்றாள் மிஸஸ் ப்ளென்கின்.

"நீங்க சும்மா இருங்க!"

வினிக்கு முகம் சிவந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, தெருமுனை வரைக்கும் எட்டுகிற மாதிரிச் சொன்னாள்: "எங்களோட வந்துடுங்க அத்தை! நீங்க வந்தாதான் எம்பொண்ணு இந்தக் குளிரைத் தாண்டுவா!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"இந்த மாமியார் தொல்லை ஒழியணும்னு நீ லென்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்ப?" என்று கேட்டாள் ஹில்டா. "இந்த வீட்டுச் சுவரு ஈரம் மட்டுமில்லடி. மெல்லிசும்கூட."

வினி குனிந்து மேவிஸின் மூக்கைத் துடைத்தாள்.

ஹில்டா மிஸ் வேரிங்கிடம் திரும்பினாள். "நாளை மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குன்னீங்கல்ல?"

"இருக்கு."

"அப்ப எனக்கும் இருக்கு."

மேவிஸை வாரித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பகலில் எங்கள் தெருவில் யாரும் வாசற்கதவைச் சாத்துவதில்லை. ஹில்டா சாத்தினாள், வினியையும் வெளியே விட்டு. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.